ஓட்டுக்கூரைக்கு மேல் ஒரு கம்பிச் சதுரம்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நின்றுகொண்டு சென்னை எந்தப் பக்கம் என்று கேட்டால் பலர் கடலைக் கைகாட்டுவார்கள். கப்பல் வந்த திசை அல்லவா! ஆனால் ஊருக்குக் கடல் வடக்கிலும் கிழக்கிலும்தான். சென்னை இருப்பது மேற்கே நிற்கும் கொடிமலைக்குச் சற்று வலப்பக்கம். வடக்கைப் பூஜ்யமாக வைத்து வலமாகச் சுற்றி எண்ணினால் 293 பாகை. யாழ்ப்பாணம் 283, கொழும்பு 275, போர்ட் பிளேர் 310, லண்டன் 322. வீட்டுக் கூரையில் ஆன்டெனா கட்டி உலகத்தோடு பேசும் ஹாம் வானொலிக்காரருக்குச் சொந்த வீட்டுக் கதவு எண்ணைப் போல இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஆன்டெனாவைக் கட்டுவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இவற்றிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்குத்தான் சண்டை. குவாட்டா, யாகியா? ஹாம்கள் அறுபது எழுபது ஆண்டுகளாக இதைப் பேசித் தீர்க்கவில்லை. டெசிபல் கணக்கைக் காட்டி ஒருவர் பேசுவார், அனுபவத்தைக் காட்டி இன்னொருவர் பேசுவார். இருவரும் ஊரை மறந்துவிட்டுப் பேசுவார்கள். குவாட் ஆன்டெனாவே ஓர் ஊரின் காற்றுக்காகப் பிறந்த பொருள். அதை இன்னோர் ஊரில் நிறுத்தும்போது அந்த ஊரின் வீட்டு அகலம், மலை, மழை, மூங்கில் எல்லாவற்றையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பினாங்கிடம் கேட்டுப் பார்க்கும் முயற்சி.

பினாங்குக்கு இதில் உரிமை உண்டு. இந்த ஊரின் குரலை முதலில் வானில் ஏற்றியவர்களே ஆர்வலர்கள்தாம். 1934-இல் பினாங்கு வயர்லெஸ் சங்கம் இசட்எச்ஜே என்ற அழைப்புக் குறியோடு 49 மீட்டர் சிற்றலையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அதில் ஒலித்தது. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒலிபரப்பு நிலையம் இங்கே வேரூன்றும் முன்பே, சந்தா கட்டிய உறுப்பினர்கள் செய்த காரியம் இது. நாட்டின் ஹாம்களுக்கான மார்ட்ஸ் சங்கம் 1952-இல் பிறந்தது. இன்று உரிமம் தருவது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம். தீபகற்பத்தில் ஏ வகுப்பு உரிமக்காரரின் அழைப்புக் குறி 9எம்2 என்றும், பி வகுப்புக்காரரின் குறி 9டபிள்யூ2 என்றும் தொடங்கும். எந்த வகுப்புக்கு எந்த அலைவரிசை, எவ்வளவு வாட் என்பதை உரிமத்தில் பார்த்துக்கொண்டுதான் கம்பியை வெட்ட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

குவாட் என்றால் என்ன? ஓர் அலைநீளம் நீளமுள்ள கம்பியைச் சதுரமாக மடக்கி, ஒரு பக்கத்தின் நடுவில் வெட்டி, அங்கே கேபிளை இணைத்தால் ஒரு வளையம். பக்கத்துக்குக் கால் அலைநீளம். அதற்குப் பின்னால் சிறிது தள்ளி, மூன்று விழுக்காடு அளவுக்குப் பெரிய இன்னொரு வளையம். அதற்குக் கேபிள் கிடையாது. முன்னது இயக்கு வளையம், பின்னது ரிஃப்ளெக்டர். பின்னது பெற்ற அலையைத் திருப்பி உமிழ, இரண்டும் சேர்ந்து முன்பக்கம் கூடும், பின்பக்கம் கழியும். நான்கு மூலைகளையும் இழுத்துப் பிடிக்க நடுவிலிருந்து நான்கு கைகள். தூரத்திலிருந்து பார்த்தால் சிலந்தி வலையை ஞாபகப்படுத்தும். அக்கம்பக்கத்தார் சிலந்தியைவிட மோசமான பெயர்களும் வைப்பதுண்டு.

யாகி நேர்க்குழாய்களால் ஆனது. அரை அலைநீளக் குழாய்கள் ஒரு தண்டில் வரிசையாக நிற்கும். பழைய தொலைக்காட்சி ஆன்டெனாவின் வடிவம். ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் 1926 வாக்கில் ஷிந்தாரோ உடா வகுத்து, ஹிதெத்சுகு யாகியின் பெயரால் உலகம் அறிந்தது. 1942-இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியப் படையின் கையில் ஒரு பிரிட்டிஷ் ராடார் வீரரின் குறிப்பேடு சிக்கியது. அதில் அடிக்கடி வந்த ‘யாகி’ என்ற சொல் அவர்களுக்குப் புரியவில்லையாம்; அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்தான் என்று கைதியானவரே சொல்ல வேண்டியிருந்ததாம். பினாங்கு அதற்கு இரண்டு மாதம் முன்பே ஜப்பானியர் கையில். தன் ஊர்ச் சரக்கைத் தான் அறியாமல் அடுத்தவன் அறிந்து பயன்படுத்துவது என்பது ஆன்டெனாவில் மட்டும் நடப்பதில்லை.

குவாட் பிறந்த கதை இதைவிட நல்ல கதை. எக்வடோர் நாட்டின் தலைநகர் கீட்டோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே எச்சிஜேபி என்ற கிறிஸ்தவச் சிற்றலை நிலையம் 1931 கிறிஸ்துமஸ் அன்று ஒலிக்கத் தொடங்கியது. பின்னாளில் 10 கிலோவாட் ஒலிபரப்பி வந்து, யாகி வகை ஆன்டெனாவோடு இணைத்தபோது வினோதம் ஒன்று நடந்தது. இரவில் குழாய்களின் நுனிகளில் தீப்பந்து போல ஒளி. அலுமினியம் உருகிச் சொட்டியது. காரணம் எளிது: யாகியின் நுனியில்தான் மின்னழுத்தம் உச்சம், நுனி என்றாலே கூர்மை, உயரத்துக் காற்றோ மெலிந்தது, கடலோரக் காற்றைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே முறிந்து பொறிவிடும். அங்கே பொறியாளராக இருந்த கிளாரன்ஸ் மூர் என்ற அமெரிக்கர், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நுனியே இல்லாத ஆன்டெனா ஒன்றை யோசித்தார். கம்பியை மடக்கி முனையையும் முனையையும் சேர்த்துவிட்டால் கூர்மை எங்கே? வளையத்திலும் மின்னழுத்த உச்சம் உண்டு, ஆனால் அது வழுவழுவென்ற கம்பியின் நடுவில் விழுகிறது. தீ நின்றது. 1951-இல் காப்புரிமை கிடைத்தது. மூர் நாடு திரும்பி இந்தியானாவில் தொடங்கிய நிறுவனம்தான் பிற்காலத்தில் கிரவுன் என்ற பெயரில் ஒலிபெருக்கிச் சாதனங்களுக்குப் பேர்போனது. எச்சிஜேபியின் ஆன்டெனாத் தோப்போ, கீட்டோவுக்குப் புதிய விமான நிலையம் வருகிறது, கோபுரங்கள் இடைஞ்சல் என்று 2009-இல் ஓய்ந்தது.

பினாங்கில் அந்தக் காரணம் செல்லாது. நாம் கடல்மட்டத்தில் இருக்கிறோம், நம் வானொலிப் பெட்டிகள் பெரும்பாலும் 100 வாட். யாகியின் நுனியில் இங்கே பொறியும் பறக்காது, பூவும் பறக்காது. அப்படியானால் குவாட்டுக்கு இங்கே என்ன வேலை?

முதலில் அந்த டெசிபல் வழக்கைத் தீர்த்துவிடலாம். 1950-களின் கடைசியில் பில் ஓர் எழுதிய குவாட் நூல் வந்தபின் இது ஹாம்களின் செல்லப்பிள்ளை ஆனது. 1968-இல் கியூ.எஸ்.டி. இதழில் வந்த அளவீட்டுக் கட்டுரை, அதே எண்ணிக்கை உறுப்புகளுள்ள யாகியைவிடக் குவாட் சுமார் 2 டெசிபல் மிகுதி என்றது. அந்த ‘2 டெசிபல்’ பல பத்தாண்டுகள் வேதவாக்காக இருந்தது. கணினி மாதிரிகள் கைக்கு வந்தபின் எல்.பி. செபிக் போன்ற ஆன்டெனா ஆய்வாளர்கள் பொறுமையாகக் கணக்கிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் ஒரு டெசிபலை ஒட்டிச் சுருங்கியது. மெல்லிய கம்பியில் கட்டும் குவாட்டுக்கு இன்னொரு குறையும் வெளிப்பட்டது: முன்பின் பாகுபாடு ஒரு குறுகிய அலைவெண் பட்டைக்குள்தான் நன்றாக இருக்கும், 21 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் ஒரு மூலைக்குச் சரிசெய்தால் மறுமூலையில் பின்பக்கத்து இரைச்சல் கேட்கத் தொடங்கும். தடித்த குழாயாலான யாகிக்கு அந்தத் தொந்தரவு குறைவு. ஆக, இரண்டு வளையக் குவாட் என்பது இரண்டு உறுப்பு யாகிக்கும் மூன்று உறுப்பு யாகிக்கும் நடுவில் நிற்கிறது. அரை அலைநீளக் கம்பியான ஒற்றை டைபோலோடு ஒப்பிட்டால் 5 டெசிபல் கூடும். 100 வாட் 300 வாட் போலக் கேட்கும். பெட்டியின் சிக்னல் மீட்டரில் அது ஓர் எஸ் புள்ளிகூட இல்லை.

இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். கடைவீட்டுக் கூரையில் நின்று பார்த்தால் கேள்வி மாறிவிடும்.

ஜார்ஜ் டவுன் கடைவீடு ஆழத்தில் நீளம், முகப்பில் ஒடுக்கம். அகலம் ஐந்து ஆறு மீட்டர் இருந்தால் பெரிது. 21 மெகாஹெர்ட்ஸ் யாகியின் குழாய் ஏழு மீட்டர். அதைத் தெருவோடு நீளமாகத் திருப்பினால் ஒரு முனை பக்கத்து வீட்டுக் கூரைமேல் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருக்கலாம், அவர் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டை ஓட்டலாக்கும்வரை. அதே அலைவெண்ணுக்கான குவாட்டின் பக்கம் 3.7 மீட்டர். வளையங்களுக்கிடையே 2.1 மீட்டர் இடைவெளி வைத்தாலும், சுற்றும்போது நடுக்கம்பத்திலிருந்து 2.1 மீட்டர்தான் வெளியே நீளும். சொந்தச் சுவருக்குள் சுழலும் பீம் ஆன்டெனா அது. ஒரு டெசிபல் கூடுமா குறையுமா என்ற தர்க்கத்தைவிட இந்த ஒன்றரை மீட்டர்தான் பினாங்கில் குவாட்டுக்கு வலுவான சாட்சி. இதையே 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பெருக்கினால் பக்கம் ஐந்தரை மீட்டர், கைகள் நாலு மீட்டருக்கு நெருக்கம். அது கடைவீட்டின் வேலையல்ல. பாலேக் பூலாவில் தோட்டம் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

அடுத்தது மலை. கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் நின்றால் கொடிமலை ஏறத்தாழ நேர் மேற்கில், எட்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. உச்சி 700 மீட்டருக்கு மேல். கண்ணுக்கு அது ஐந்து பாகை உயரம். கொழும்பு இருக்கும் 275 பாகை கிட்டத்தட்ட அந்த உச்சிக்கு நேர்பின்னால். சென்னை பதினெட்டு பாகை வலப்புறம், மலையின் தோள் தாழும் பக்கம். லண்டனுக்குப் போகும் பாதையோ தொடக்கத்தில் பெரும்பாலும் கடல். சென்னை 2,350 கிலோமீட்டர் சொச்சம். அயனிமண்டலத்தின் எஃப்2 அடுக்கு 300-350 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், ஒரே தாவலில் அங்கே இறங்க அலை இங்கிருந்து 9 முதல் 11 பாகை சாய்வில் கிளம்ப வேண்டும். மலைக்கு மேலே நாலைந்து பாகை இடைவெளி; தப்பித்தோம். ஆனால் இதே கணக்கை ஆயர் ஈத்தாமில் போடுங்கள். மலை இரண்டரை கிலோமீட்டரில் வந்துவிடும், பதினைந்து பாகைக்கு மேல் வானத்தை அடைத்துக்கொள்ளும். அங்கே எந்த ஆன்டெனா வைத்தாலும் தமிழ்நாட்டுப் பக்கம் நோஞ்சான்தான். அப்படிப்பட்டவர் குவாட் வாங்கிவிட்டுக் குவாட்டைத் திட்டுவது நியாயமில்லை. மலைக்கு அந்தப்புறம், மேற்குக் கடலைப் பார்த்த பாலேக் பூலாவும் தெலுக் பாஹாங்கும் இந்த வகையில் கொடுத்து வைத்தவை.

அந்த 9-11 பாகையில் ஆன்டெனா உண்மையில் சக்தியை அனுப்புகிறதா என்பது உயரத்தைப் பொறுத்தது. தரையில் பட்டுத் திரும்பும் அலையும் நேர் அலையும் கூடிப் பிறக்கும் முதல் இதழின் கோணத்துக்கு ஒரு சுருக்கக் கணக்கு உண்டு: அலைநீளத்தை உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது அந்தக் கோணத்தின் சைன். 21 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனா 10 மீட்டரில் இருந்தால் 21 பாகை. 15 மீட்டரில் 14 பாகை. 18 மீட்டரில் 11 பாகை. இந்த 18 ஜார்ஜ் டவுன்காரர்களுக்குப் பழக்கமான எண். 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுத் தலமாக அறிவித்த சமயத்தில், நான்கு ஓட்டல் திட்டங்கள் 18 மீட்டர் உயர வரம்பைத் தாண்டுகின்றன என்று ஊரே வாக்குவாதம் செய்தது. மரபுப் பகுதிக்குள் கம்பம் நட நினைப்பவர் மாநகராட்சியையும் மரபு விதிகளையும் விசாரிக்காமல் ஓட்டில் கை வைக்கக்கூடாது. பாயான் லெப்பாஸ் ஓடுபாதைக்கும் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்துக்கும் அருகே இருப்பவர்களுக்கு வேறு வரம்புகள். குவாட் தாழ்ந்த உயரத்தில் யாகியைவிட நன்றாக வேலை செய்யும் என்ற பழைய நம்பிக்கை இங்கேதான் தலைகாட்டும். வளையத்தின் மேல்பக்கம் நடுமட்டத்தைவிட உயரத்தில் இருப்பதால் சிறு உதவி உண்டு, அதிசயம் இல்லை. பணம் கொஞ்சமாக இருந்தால் மூன்றாவது வளையத்துக்குச் செலவிடாதீர்கள், கம்பத்துக்குச் செலவிடுங்கள்.

பினாங்கின் வானம் மட்டும் தாராளமானது. தீவின் அட்சரேகை வடக்கு 5 பாகை 25 கலை. பூமியின் காந்த நடுக்கோடு இதற்குச் சற்று வடக்கே, தாய்லாந்துக் கழுத்தையும் தென்தமிழகத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. 1963-இல் இந்தியாவின் முதல் ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்ததும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் காந்தவியல் ஆய்வகம் இருப்பதும் இந்தக் கோட்டுக்காகத்தான். பினாங்கிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் அலை ஏறக்குறைய இதே கோட்டோடு ஒட்டி ஓடுகிறது. அயனிமண்டலம் இங்கே தடித்து நிற்பதால் ஐரோப்பியருக்கு மூடிக்கிடக்கும் 21, 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் நமக்கு மாலைவரை திறந்திருக்கும். சூரியன் தமிழ்நாட்டாருக்கு நம்மைவிட ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக மறைவதால் இரவு உணவுக்குப் பிறகும் சிலநாள் பேசலாம். பொழுது சாய்ந்தபின் குரல்கள் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் நடுங்கும். அது உங்கள் கேபிளின் கோளாறு அல்ல, காந்த நடுக்கோட்டு அயனிமண்டலம் குமிழ்குமிழாகக் கலைவதன் விளைவு. நடப்புச் சூரியச் சுழற்சி 2024 இறுதியில் உச்சம் தொட்டுவிட்டது. இனி வரும் ஆண்டுகளில் 28 மெகாஹெர்ட்ஸ் மெல்ல மங்கும். அதை மட்டும் நம்பிக் கட்டுவது வேண்டாம். 21-ஐ விடவே கூடாது.

இப்போது அந்தப் பாகை எண்களுக்குத் திரும்புவோம். இரண்டு வளையக் குவாட்டின் கற்றை, பாதிச் சக்தி எல்லைவரை, ஏறத்தாழ 60 பாகை அகலம். 300 பாகைக்கு நிரந்தரமாகத் திருப்பிக் கட்டிவிட்டால் 270-இலிருந்து 330 வரை அதற்குள். கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை, போர்ட் பிளேர், அரபு நாடுகள், லண்டன் எல்லாம் ஒரே பார்வையில். ஒரு பினாங்குத் தமிழருக்கு உறவுக்காரர்கள் இருக்கக்கூடிய ஊர்களில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது. மொரீசியஸ் 237, அது வெளியே. தோக்கியோ 45, அதுவும் வெளியே. ஆனால் சிட்னி 133 பாகை, கிட்டத்தட்ட முதுகுப்பக்கம். ரிஃப்ளெக்டரையும் இயக்கு வளையத்தையும் ரிலே வைத்து மாற்றிக்கொண்டால் அதுவும் கிடைக்கும். ஆக, சுழற்றும் மோட்டாரே தேவையில்லை. மோட்டார், அதன் கேபிள், அதைத் தாங்கும் கம்பம், மழையில் துருப்பிடித்து அது நிற்கும் நாள், மேலே ஏற ஆள் தேடும் நாள் இவை அனைத்தும் மிச்சம். ஹாம்களுக்கு மோட்டார் சுழலுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் பட்டியலில் போர்ட் பிளேர் மட்டும் தனிக்கணக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமி பினாங்கிலும் உயிர் குடித்தது. அன்று அந்தமானில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு தற்செயலாக முகாமிட்டிருந்தது. தீவுகளின் தொடர்பு அறுந்தபோது செய்தி வெளியே வந்தது அவர்கள் பெட்டிகளின் வழியாக. போர்ட் பிளேர் நமக்கு 1,100 கிலோமீட்டர், 310 பாகை. அவ்வளவு அருகே பேச 14 மெகாஹெர்ட்ஸும் அதற்குக் கீழும்தான் பெரும்பாலும் உதவும், அலை இன்னும் உயர்ந்த கோணத்தில் ஏறி இறங்க வேண்டும். அதற்குக் குவாட் வேண்டாம். கூரையின் நீளத்துக்குத் தாழ்வாகக் கட்டிய ஒரு டைபோல் கம்பி போதும். குவாட் வைத்திருப்பவரும் அந்தக் கம்பியைக் கழற்றக்கூடாது.

கட்டுமானத்துக்கு வருவோம். மேல்நாட்டு நூல்கள் குவாட்டின் பரம எதிரி என்று எழுதுவது பனிக்கட்டியை. கம்பியில் உறைந்து பாரம் ஏறிக் கைகள் ஒடியும். நமக்கு அந்தப் பயம் இல்லை. நமக்கு இருப்பவை வேறு: வெயில், உப்புக்காற்று, மூங்கில் வண்டு, விடியற்காலையில் நீரிணையைத் தாண்டிவரும் சுமத்ராக் காற்று. அந்தக் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் அடித்துவிட்டுப் போகும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவு பார்த்த புயல்மழையோ அதைவிடப் பெரிது. நூற்றுக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. குவாட் முப்பரிமாண உருவம், எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் காற்றைப் பிடிக்கும். கம்பத்துக்கு மூன்று திசையில் இழுகயிறு இல்லாமல் விடவேண்டாம்.

கைகளுக்கு ஆதிகாலப் பொருள் மூங்கில். பினாங்கில் மூங்கிலின் வலுவை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கே ஊர்வலத்தில் இருபது அடிக்கு மேற்பட்ட மூங்கிலில் பெருங்கொடியைக் கட்டி நெற்றியில் நிறுத்தி நடக்கிறார்கள். முற்றிய மூங்கில் வேண்டும், பச்சையாக இருப்பது இரண்டு மாதத்தில் சுருங்கிக் கம்பி தொங்கும். தேய்பிறையில் வெட்டினால் வண்டு அரிக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிலவைப் பற்றி நான் சாதிக்க மாட்டேன், ஆனால் சில வாரம் ஓடும் நீரில் ஊறப்போட்டு மாவுச்சத்தைக் கரைத்து எடுப்பது நிச்சயம் உதவும். பிறகு நிழலில் உலர்த்தி, கணுவுக்குக் கணு வார்னிஷ். இவ்வளவு செய்தும் நாலைந்து ஆண்டுகளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கண்ணாடியிழைக் குழாய் நீடிக்கும், விலை கூடும். நடுவழி ஒன்று மீன்பிடிச் சாமான் கடையில் இருக்கிறது: நீட்டி மடக்கும் தூண்டில் கழி. 28 மெகாஹெர்ட்ஸ் வளையத்துக்குக் கை இரண்டு மீட்டர் போதும், தூண்டில் கழி தாராளம். ஆனால் வாங்கும்போது கேளுங்கள், கார்பன் இழைக் கழி வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், அளவெல்லாம் குழம்பும்.

மூங்கில் என்றால் இன்னொரு நுட்பமும் உண்டு. சதுரத்தைப் பக்கம் கிடையாக நிறுத்தி, கீழ்ப்பக்க நடுவில் கேபிள் கொடுத்தால், மின்னழுத்த உச்சம் இருபுறச் செங்குத்துக் கம்பிகளின் நடுவில் விழும். மூங்கில் தொடும் மூலைகள் உச்சத்திலிருந்து விலகி நிற்கும். அதையே மூலை கீழாக வைரவடிவில் நிறுத்தினால் உச்சம் நேராக இடவல மூலைகளில், அதாவது மூங்கிலின் மேலேயே. மழையில் நனைந்த மூங்கில் அங்கே சக்தியைத் தின்னும். நம் ஊர் மழைக்கு வைரம் வேண்டாம், சதுரமே போதும். வடிவத்தால் ஆதாயத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

கம்பியின் அளவுக்குச் சூத்திரங்கள் பிரபலம். இயக்கு வளையத்தின் சுற்றளவு மீட்டரில் வேண்டுமானால் 306-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும், ரிஃப்ளெக்டருக்கு 314. 21.2-க்கு 14.4 மீட்டரும் 14.8 மீட்டரும். 28.4-க்கு 10.8-உம் 11.1-உம். இவை வெற்றுச் செம்புக் கம்பிக்கான கணக்கு. ஹார்ட்வேர் கடையில் வாங்கும் பிவிசி உறை போட்ட வயரிங் கம்பியில் அலை சற்று மெதுவாக ஓடும். நீளம் இரண்டு மூன்று விழுக்காடு குறைந்தே முடிவில் நிற்கும். முதலில் சூத்திரத்தின்படி வெட்டி, மேலே ஏற்றி, அளந்து, பிறகு கத்தரிப்பதே முறை. முன்பு இதற்கு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரும் பொறுமையும் வேண்டும். இப்போது கையடக்க நானோ வி.என்.ஏ. கருவி வந்தபின் ஒரு மாலை போதும். உப்புக்காற்றில் உறைபோட்ட கம்பி நீடிக்கும், மழைத்துளி சுமந்துவரும் மின்னேற்ற இரைச்சலும் சற்றுக் குறையும்.

தனி வளையத்தின் மின்தடை 120 ஓம் அளவு. ரிஃப்ளெக்டர் நெருங்க நெருங்க அது இறங்கும். இடைவெளியைப் பொறுத்து 50-க்கும் 100-க்கும் இடையில் எங்கோ நிற்கும். நூறை ஒட்டி நின்றால் கால் அலைநீளம் 75 ஓம் கேபிளை நடுவில் சேர்த்தால் பெட்டியின் 50-க்குப் பொருந்தும். அந்த 75 ஓம் கேபிள், சந்தா நிறுத்திய பல வீடுகளின் சுவரில் தொலைக்காட்சித் தட்டிலிருந்து இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நுரை உறை வகையென்றால் 21.2-க்கு 2.9 மீட்டர் வெட்டவேண்டும். இணைப்பில் மழைநீர் புகாமல் ரப்பர் நாடா சுற்றுங்கள். பினாங்கில் பழுதான ஆன்டெனாக்களில் பெரும்பாலானவற்றின் நோய் ஆன்டெனாவில் இல்லை, அந்தச் சந்தில் இருக்கிறது.

வேலையைத் தொடங்க நல்ல காலம் தைப்பூசத்தை ஒட்டி. ஜனவரி, பிப்ரவரியில் தீபகற்பத்தின் வடமேற்குப் பகுதி காய்ந்து கிடக்கும். தண்ணீர்மலைக்கு ரதம் போய்த் திரும்பிய கையோடு கூரை ஏறினால், ஏப்ரல் இடி தொடங்குமுன் முடித்துவிடலாம். இடியை விளையாட்டாக எடுக்க வேண்டாம். உலகிலேயே இடி மிகுந்த நிலப்பகுதிகளில் தீபகற்பமும் ஒன்று. கம்பத்துக்குத் தடித்த பூமி இணைப்பு, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பு, இரண்டுக்கும் மேலாக ஒரு பழக்கம்: பேசி முடித்ததும் கேபிளைக் கழற்றி வெளியே வைப்பது. வளையம் மூடியது, ஆகவே மின்னலுக்குப் பாதுகாப்பு என்று சொல்பவர்கள் நிலையேற்ற இரைச்சலையும் மின்னலையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுக்குமாடிவாசிகளுக்கு இந்தக் கட்டுரையில் அதிகம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கூரை பொதுச்சொத்து; நிர்வாகக் குழுவின் கடிதம் இல்லாமல் ஆணி அடிக்க முடியாது. பால்கனி வடமேற்கைப் பார்த்தால் 28 மெகாஹெர்ட்ஸுக்கு ஒற்றை வளையத்தை, பத்தே முக்கால் மீட்டர் கம்பியை, தூண்டில் கழியில் முக்கோணமாகத் தொங்கவிடலாம். பதினைந்தாவது மாடியின் உயரம் ரிஃப்ளெக்டர் இல்லாத குறையைப் பெருமளவு ஈடுகட்டும். இல்லையென்றால் 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கையில் பிடிக்கும் குவாட்: பக்கம் 53 சென்டிமீட்டர், காற்றாடி அளவு. கேபிளைச் சதுரத்தின் கீழ்ப்பக்கத்தில் கொடுத்தால் அலை கிடையாகவும், செங்குத்துப் பக்கத்தில் கொடுத்தால் செங்குத்தாகவும் போகும். மறு ஒலிபரப்பிகளைப் பிடிக்கச் செங்குத்து வேண்டும். ஒரே சட்டத்தைத் திருப்பிப் பிடித்தால் இரண்டும் கிடைப்பது யாகிக்கும் உண்டு என்றாலும், பிள்ளைகளுக்கு அலையின் முனைவாக்கத்தை விளக்க இதைவிட மலிவான பாடம் இல்லை.

ஆக, தேர்வு என்று கேட்டால்: நகருக்குள் கடைவீடோ இரண்டு மாடி வரிசை வீடோ உள்ளவர், 21, 24, 28 மெகாஹெர்ட்ஸ் மூன்றுக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தொகுதி வளையங்கள், 2.6 மீட்டர் கைகள், 300 பாகையில் நிலையாக. இடம் உள்ளவர் யாகியே வாங்கலாம். ஒரு நாள் வேலையில் ஏற்றி, பத்து ஆண்டு மறந்துவிடலாம். குவாட் மறக்க விடாது. ஆண்டுக்கு ஒருமுறை கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும், அதை ஒரு குறை என்று நினைப்பவர் வாங்கவே கூடாது.

கட்டியபின் அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? நண்பர்களைக் கேட்காதீர்கள்; அவர்கள் எல்லோருக்கும் 59 என்ற முழு மதிப்பெண் கொடுப்பார்கள். உலகெங்கும் பதினெட்டு வழிகாட்டி ஒலிபரப்பிகள் 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 என்ற ஐந்து அலைவெண்களில் முறைவைத்து ஒலிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்து வினாடி. மூன்று நிமிடச் சுற்றில் 1 நிமிடம் 50-ஆவது வினாடியில் 21.150-இல் கொழும்பின் 4எஸ்7பி முறை வரும். தன் பெயரை மோர்சில் சொல்லிவிட்டு நான்கு நீண்ட கோடுகள் அனுப்பும்: முதலாவது 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி பத்தில் ஒரு வாட். கோட்டுக்குக் கோடு 10 டெசிபல் இறக்கம். டைபோலில் எத்தனை கோடு, குவாட்டில் எத்தனை கோடு என்று மாற்றி மாற்றி ஒரு வாரம் மாலையில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பு மலைக்கு நேர்பின்னால் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும். நகரத்திலிருந்து கேட்கும்போது மூன்றாவது கோடு இரைச்சலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தால் கேபிளை நன்றாகச் சுற்றியிருக்கிறீர்கள்.